ரோ கோப்பு மட்டும் ஏன் மங்கலாக இருக்கிறது? கூர்மைக்கு எந்த மென்பொருள் நல்லது?

வடலி (திருநெல்வேலி)

வணக்கம். இங்கே நீண்ட நாட்களாக வாசிப்பதோடு நின்றுவிடுவேன். இப்போதுதான் முதன்முறையாக எழுதுகிறேன்.

நோர்வேயிலிருந்து வந்த மாமா, தான் பாவித்த நிக்கொன் டி5300 கமராவையும் 18-55 லென்ஸையும் எனக்குத் தந்துவிட்டுப் போனார். ஒரு வருடம் ஜேபெக்கில்தான் எடுத்தேன். ரோவில், அதாவது கமரா திருத்தாமல் பதியும் மூலக் கோப்பாக, எடுக்காவிட்டால் இந்தக் கமரா வைத்திருந்தும் பயனில்லை என்று கம்பஸில் எல்லோரும் சொல்லச் சொல்ல, போன மாதம் முதல் இரண்டையும் ஒன்றாகப் பதிகிறேன்.

இங்கே யாழ்ப்பாணத்தில் நல்லூர்க் கோயிலின் தெற்கு வாசல் கோபுரத்தைக் காலையில் எடுத்தேன். ஜேபெக்கைத் திறந்தால் சுதைச் சிற்பங்களின் புருவக் கோடுகூடத் தெரிகிறது. அதே நொடியில் பதிந்த என்இஎஃப் கோப்பை (நிக்கொனின் ரோ கோப்பு) டார்க்டேபிள் என்ற இலவச மென்பொருளில் திறந்தால், லென்ஸின் முன்னால் யாரோ வாயால் ஊதி ஆவி பிடிக்க வைத்தது போலக் கிடக்கிறது. நிறமும் சோர்ந்து போயிருக்கிறது. கமராவின் பின்திரையில் பெருக்கிப் பார்த்தபோது கூர்மையாகத்தான் இருந்தது.

மென்பொருளை மாற்றினால் சரியாகுமா? லைட்ரூம், கப்சர் வன், டிஎக்ஸ்ஓ, ரோதெரபி என்று பெயர்கள் மட்டும் தெரியும். என்னிடம் இருப்பது 8 ஜிபி நினைவகம் கொண்ட பழைய மடிகணினி. இப்போதைக்குக் கையில் காசு இல்லை. ஆனால் உண்மையிலேயே வித்தியாசம் வரும் என்றால் சீட்டுப் பிடித்தாவது வாங்கத் தயார்.

கிடுகுவேலி (கொக்குவில்)

தங்கச்சி, கமராவின் பின்திரையில் நீங்கள் பார்த்தது ரோ அல்ல. ஒவ்வொரு ரோ கோப்புக்குள்ளும் கமரா ஒரு ஜேபெக்கைச் செருகி வைக்கும். திரை காட்டுவது அதைத்தான். அதற்குக் கமராவே ஒளி-நிழல் வித்தியாசத்தைக் கூட்டி, நிறம் ஏற்றி, விளிம்புகளைக் கூராக்கிவிட்டது. டார்க்டேபிள் அப்படி எதையும் தன் பாட்டில் செய்வது மிகக் குறைவு. தைத்துப் போட்ட சட்டையையும் இன்னும் கத்தரி படாத துணியையும் பக்கத்தில் வைத்து, எது உடம்புக்குப் பொருந்துகிறது என்று கேட்கிறீர்கள்.

இன்னொன்றும் தெரிந்திருந்தால் நல்லது. உங்கள் கமராவில் 24 மில்லியன் புள்ளிகள் இருக்கின்றன என்றால், அவை ஒவ்வொன்றும் எல்லா நிறத்தையும் பதிகின்றன என்று பொருள் இல்லை. ஒவ்வொரு புள்ளியின் மேலும் ஒரு நிற வடிகட்டி இருக்கிறது. நான்கு புள்ளிகளில் இரண்டு பச்சை, ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். கொடக்கில் வேலை செய்த பிரைஸ் பேயர் 1976 இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. இன்றும் பெரும்பாலான கமராக்களில் இதுதான். ஆகவே ஒவ்வொரு புள்ளியிலும் மூன்று நிறங்களில் இரண்டு இல்லை. செல்லரித்த ஏட்டில் விடுபட்ட எழுத்தை முன்பின் எழுத்துகளைப் பார்த்து நிரப்புவது போல, அந்த இரண்டையும் அக்கம்பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து மென்பொருள் ஊகிக்கிறது. இதற்கு டிமொசைக் என்று பெயர். ஒரே ஏட்டை இரண்டு புலவர்களிடம் கொடுத்தால் இரண்டு பாடம் வருவது போல, ஒரே கோப்பு இரண்டு மென்பொருள்களில் இரண்டு விதமாக வரும். மென்பொருள்களுக்கு இடையே மெய்யான வித்தியாசம் தொடங்கும் இடம் அதுதான். மற்றதெல்லாம் பெரும்பாலும் இயல்புநிலை அமைப்புகளின் வித்தியாசம்.

காசு செலவழிக்க முன்னர் நிக்கொன் இலவசமாகத் தரும் என்எக்ஸ் ஸ்ரூடியோவை இறக்கித் திறந்து பாருங்கள். கமராவில் நீங்கள் வைத்த அமைப்புகளை அது கோப்பிலிருந்து வாசித்து அப்படியே போடும். ஜேபெக் போலவே தெரிந்தால், உங்கள் கோப்பில் குறையில்லை, டார்க்டேபிளில் நீங்கள் இன்னும் வேலை தொடங்கவில்லை என்று அர்த்தம்.

இருட்டறை (யாழ்ப்பாணம் நகர்)

கிடுகுவேலித் தம்பி சொல்வது சரி. ஆனால் இந்தப் பிள்ளைக்குப் பாடம் வேண்டாம், படம் வேண்டும். நான் பிலிம் காலத்திலிருந்து ஸ்ரூடியோ நடத்துகிறவன். கலியாணம், சாமத்திய வீடு என்று ஒரு வார இறுதியில் இரண்டாயிரம் படம் வரும். அவற்றைத் தெரிவு செய்து, ஒரே ஒளிக்கு எல்லாவற்றையும் ஒன்றாகத் திருத்தி, அல்பத்துக்கு அனுப்ப லைட்ரூம் போல எனக்கு வேறொன்று கைக்கு வரவில்லை.

கூர்மைக்கு அதில் நான்கு இழுவைகள் இருக்கின்றன. ரோ கோப்பைத் திறந்தவுடன் அளவு 40, ஆரம் 1.0, நுணுக்கம் 25 என்று தானே போட்டுக்கொள்ளும். நான்காவது மறைப்பு, அது பூச்சியத்தில் நிற்கும். பலரும் முதலாவதைப் பிடித்து வலப்பக்கம் இழுத்துவிட்டு, மணப்பெண்ணின் கன்னத்தில் மணல் கொட்டியது போல இருக்கிறது என்று அழுவார்கள். ஓல்ட் விசையை அழுத்திக்கொண்டு மறைப்பை இழுத்துப் பாருங்கள். படம் கறுப்பு வெள்ளையாக மாறும். வெள்ளையாகத் தெரியும் இடத்துக்கு மட்டும்தான் கூர்மை போகும். கண் இமை, நகை, கூறைச்சேலையின் கரை வெள்ளையில் நிற்க வேண்டும். கன்னமும் பின்னால் உள்ள சுவரும் கறுப்பாகிவிட வேண்டும். நான் பெரும்பாலும் 70க்கு மேலேதான் வைப்பேன்.

பனிப்புயல் (ரொறன்ரோ)

தம்பிமாரே, காலம் எங்கேயோ போய்விட்டது. டிஎக்ஸ்ஓ போட்டோலேப் வாங்குங்கள். மாதச் சந்தா இல்லை, ஒரு தரம் காசு கட்டினால் போதும். ஒவ்வொரு கமராவையும் ஒவ்வொரு லென்ஸையும் சோடியாக ஆய்வுகூடத்தில் அளந்து, அந்தச் சோடிக்கென்றே திருத்தம் எழுதி வைத்திருக்கிறார்கள். 18-55 லென்ஸ் ஓரங்களில் தளரும். நடுவுக்கு ஓர் அளவும் ஓரத்துக்கு ஓர் அளவுமாக அது கூர்மை கொடுக்கும். அதற்குள் 2020 இல் வந்த டீப்பிரைம் என்ற கருவி, டிமொசைக்கையும் இருட்டுப் படங்களில் வரும் துகள் இரைச்சலை நீக்குவதையும் ஒரே மூச்சில் செய்கிறது. இருட்டுக்காக ஒளியுணர்வைக் கூட்டி ஐஎஸ்ஓ 6400 இல் எடுத்த பரதநாட்டிய அரங்கேற்றப் படங்களை அதில் போட்டு எடுத்தேன்; என் மனைவி புதுக் கமரா வாங்கிவிட்டேனா என்று சந்தேகப்பட்டாள்.

கிடுகுவேலி (கொக்குவில்)

அண்ணை, அங்கே உங்களிடம் நல்ல கிராபிக்ஸ் அட்டை போட்ட கணினி இருக்கும். அது இல்லாத பழைய மடிகணினியில் டீப்பிரைமைத் தட்டிவிட்டுத் தேநீர் வைத்துக் குடித்து, கோப்பையையும் கழுவி வைக்கலாம். அதுவும் ஒரு படத்துக்கு.

விலையையும் டொலரில் இருந்துகொண்டு பார்க்காதீர்கள். 2022 இல் சில வாரங்களுக்குள் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 அளவுக்குப் போனபோது, மாதம் 9.99 டொலர் கட்டிக்கொண்டிருந்த நான் சந்தாவை நிறுத்தினேன். நிறுத்தாவிட்டாலும் நின்றிருக்கும், என் வங்கி அட்டை வெளிநாட்டுக் கொடுப்பனவை ஏற்க மறுத்துவிட்டது. லைட்ரூமை ஒரு தரம் காசு கொடுத்துச் சொந்தமாக வாங்கும் வழி 2015 இல் வந்த ஆறாம் பதிப்போடு முடிந்துபோனது. அதன்பிறகுதான் நான் இலவசமான ரோதெரபிக்கு வந்தேன். இப்போது காசு வந்தாலும் திரும்பிப் போக மனமில்லை.

குரும்பட்டி (சாவகச்சேரி)

எதற்கு இவ்வளவு யோசனை? எல்லாவற்றினதும் பூட்டு உடைத்த பதிப்பு என்னிடம் இருக்கிறது. இதோ இணைப்பு: [நீக்கப்பட்டது]

மட்டுறுத்துநர்

பூட்டு உடைத்த மென்பொருள்களின் இணைப்பை இங்கே இடக்கூடாது. குரும்பட்டிக்கு இது இரண்டாவது எச்சரிக்கை.

இருட்டறை (யாழ்ப்பாணம் நகர்)

மட்டுறுத்துநர் விதிக்காகச் சொல்கிறார். நான் பட்ட பாட்டுக்காகச் சொல்கிறேன். என் கடையில் முன்பு நின்ற பெடியன் இப்படி ஒன்றைக் கொண்டு வந்து ஏற்றினான். மூன்றாம் நாள் காலையில் கணினியைத் திறந்தால் கோப்புகள் எல்லாம் பூட்டிக் கிடக்கின்றன. திறக்கக் காசு கேட்டு ஆங்கிலத்தில் ஒரு கடிதம். உள்ளே இரண்டு கலியாணம். ஒன்றின் பிரதி வேறு டிஸ்க்கில் இருந்தது. மற்றதற்கு மெமரி காட்டிலிருந்து அழிந்ததைத் தோண்டி எடுத்தோம். தாலி கட்டும் படம் கிடைத்தது, அறுகரிசி போடும் படங்களில் பாதி போய்விட்டன. அந்த வீட்டாரை இன்றைக்கும் வீதியில் கண்டால் நான் சைக்கிளை மறுபக்கம் திருப்புவேன்.

கட்டுமரம் (பருத்தித்துறை)

எல்லோரும் மருந்து சொல்கிறீர்கள், யாரும் நாடி பிடித்துப் பார்க்கவில்லை. பிள்ளை, அந்தப் படத்தின் விவரங்களைத் தாருங்கள். எஃப் எண் என்ன, ஷட்டர் என்ன, ஐஎஸ்ஓ என்ன, கையில் பிடித்தா முக்காலியிலா? முடிந்தால் என்இஎஃப் கோப்பையே ஏற்றிவிடுங்கள்.

வடலி (திருநெல்வேலி)

எஃப் 22, ஷட்டர் எட்டில் ஒரு நொடி, ஐஎஸ்ஓ 100. நண்பியின் முக்காலியில் வைத்து எடுத்தேன். முன்னால் நிற்கும் தேங்காய்க் கடையிலிருந்து கோபுரக் கலசம் வரை எல்லாம் தெளிவாக வர வேண்டுமானால் ஆகப் பெரிய எண்ணை வைக்க வேண்டும் என்று ஒரு வகுப்பில் சொல்லித் தந்தார்கள்.

கோப்பையும் ஏற்றியிருக்கிறேன். கூடவே நூலகத்தின் குவிமாடம் எடுத்த இன்னொரு கோப்பும் இருக்கிறது. அது எஃப் 8, ஷட்டர் 250இல் ஒன்று.

என்எக்ஸ் ஸ்ரூடியோவிலும் பார்த்தேன். கிடுகுவேலி அண்ணை சொன்னது போலவே ஜேபெக்கின் சாயலில் திறந்தது. அரைவாசிக் கவலை போய்விட்டது.

கட்டுமரம் (பருத்தித்துறை)

மற்ற அரைவாசி எஃப் 22 இல் இருக்கிறது.

எஃப் எண் கூடக் கூட லென்ஸின் துளை சிறிதாகும். ஒளி சிறிய துளையால் புகுந்தால் விரியும். பள்ளிக்கூடத்தில் கோணல் என்று படித்திருப்பீர்கள். இந்தியப் பாடநூல்களில் விளிம்பு விளைவு என்று இருக்கும். ஒரு நட்சத்திரத்தைப் படமெடுத்தால்கூட அது புள்ளியாக விழாது, சிறு வட்டமாகத்தான் விழும். பச்சை ஒளிக்கு அந்த வட்டத்தின் விட்டம் எஃப் 8 இல் ஏறத்தாழ 11 மைக்ரோன், எஃப் 22 இல் ஏறத்தாழ 30. உங்கள் கமராவின் ஒரு புள்ளி 4 மைக்ரோனுக்குச் சற்றுக் குறைவு. அதாவது எஃப் 22 இல் ஒரு புள்ளியாக விழ வேண்டியது ஏழெட்டுப் புள்ளி அகலத்துக்குப் பரவிவிடுகிறது. 24 மில்லியன் புள்ளி உள்ள கமராவை நீங்களே மூன்று நான்கு மில்லியனுக்கு இறக்கிவிட்டீர்கள். டி5300 இல் படத்தை வேண்டுமென்றே மென்மையாக்கும் அந்த வடிகட்டிக் கண்ணாடிகூடக் கிடையாது. நிக்கொன் அதை எடுத்துவிட்டுத்தான் விற்றது. அந்த நன்மையெல்லாம் இந்தத் துளைக்குள் போய்விட்டது.

வகுப்பில் சொன்னது பொய் இல்லை. முன்னும் பின்னும் தெளிவு நீளும். ஆனால் எல்லாமே ஒரே அளவில் மங்கும். 18 மில்லிமீற்றரில் எஃப் 8 வைத்து, சில மீற்றருக்கு அப்பால் போகஸ் செய்தால் கடையும் வரும் கலசமும் வரும்.

முக்காலியில் வைக்கும்போது லென்ஸில் உள்ள அதிர்வுக் குறைப்பை நிறுத்தினீர்களா? விரலால் அமுக்காமல் இரண்டு நொடித் தாமதத்தில் எடுத்தீர்களா? எட்டில் ஒரு நொடி என்பது விரலின் அசைவே பதியக்கூடிய நேரம்.

நான் இதில் பட்டுத் தெளிந்த கதை ஒன்று இருக்கிறது. மண்டைதீவுப் பக்கம் பண்ணைப் பாலத்தில் நின்று கடனீரேரிப் பறவைகளை 300 மில்லிமீற்றர் லென்ஸால் எடுத்தேன். பகல் பதினொரு மணி. ஷட்டர் 2000இல் ஒன்று, போகஸ் சரியாகப் பறவையின் கண்ணில். வீட்டுக்கு வந்து பார்த்தால் நூறு படத்திலும் பறவைகள் தண்ணீருக்கடியில் நிற்பது போல நெளிகின்றன. நான்கு மென்பொருளில் மாற்றி மாற்றித் திறந்து இரண்டு இரவு வீணாக்கினேன். மூன்றாம் நாள் விடிய ஆறு மணிக்கு அதே இடத்தில் நின்று எடுத்தேன். இறகின் நரம்பு எண்ணலாம். நெளிந்தது தண்ணீருக்கு மேலே இருந்த சூடான காற்று. அதைத் திருத்த எந்த மென்பொருளுக்கும் காசு கட்டாதீர்கள்.

கிடுகுவேலி (கொக்குவில்)

கட்டுமரம் அண்ணை நாடியைப் பிடித்துவிட்டார். எனக்கும் முதலில் எண்களைக் கேட்கத் தோன்றவில்லை, வெட்கம்தான்.

நேற்று இரவு மின்சாரம் இருந்த மட்டும் இரண்டு கோப்புகளையும் வைத்து விளையாடினேன். முதலில் கோபுரம். என்எக்ஸ் ஸ்ரூடியோவில் புருவக் கோடு தெரிகிறது என்றீர்களே, அதை நூறு வீதத்துக்குப் பெருக்கிப் பாருங்கள். கோடு கறுத்திருக்கிறது, பக்கத்தில் வெளுத்திருக்கிறது, அவ்வளவுதான். கோட்டுக்குள் தூரிகை இழுத்த தடம் இல்லை. நூலகப் படத்தில் அதே பெருக்கத்தில் சுண்ணாம்புப் பூச்சின் சொரசொரப்பு தெரிகிறது. ஓரத்தைக் கறுப்பாக்கினால் கண் அதைக் கூர்மை என்று எடுத்துக்கொள்ளும். உள்ளே தகவல் இருக்கிறதா என்பது வேறு கேள்வி.

ரோதெரபியில் 2020 இல் வந்த 5.8 பதிப்பு முதல் பதிவுக் கூர்மை என்று ஒரு கருவி இருக்கிறது. ரோ என்ற தாவலில் டிமொசைக்குக்குக் கீழே கிடக்கும். பலர் மற்றத் தாவலில் உள்ள சாதாரணக் கூர்மையைத் திருகிக்கொண்டு இதைக் காணாமலே இருக்கிறார்கள். இது ஓரத்தைக் கறுப்பாக்குவதில்லை. ஒளி எவ்வளவு பரவியிருக்கும் என்று மதிப்பிட்டு, அந்தப் பரவலைத் திருப்பிக் கணக்குப் பார்த்துச் சுருக்க முயல்கிறது. ரிச்சர்ட்சன் 1972 இலும் லூசி 1974 இலும் தனித்தனியே எழுதிய முறை. வானியலாளர்கள் தொலைநோக்கிப் படங்களுக்குப் பயன்படுத்தியது. பெட்டியில் சரி போட்டால் ஆரத்தையும் எல்லையையும் தானே கண்டுபிடிக்கும். உங்கள் கோபுரத்தில் போட்டபோது ஓரளவு மீண்டது. சிற்பத்தின் விரல்கள் பிரிந்தன, ஆனால் தூரிகைத் தடம் வரவில்லை. எஃப் 22 அதை எடுத்துக்கொண்டு போய்விட்டது.

நூலகப் படத்தில்தான் போட்டி சுவையாக இருந்தது. ரோதெரபியின் அமேஸ் என்ற டிமொசைக் முறையும் டார்க்டேபிளின் ஆர்சிடி என்ற முறையும் சாளரக் கம்பிகளை ஏறக்குறைய ஒரே மாதிரித்தான் நிரப்பின. 200 வீதத்தில்கூட எனக்கு வித்தியாசம் சொல்லக் கடினமாக இருந்தது. டார்க்டேபிளில் பரவல் அல்லது கூர்மை என்ற பகுதியைத் திறந்து, லென்ஸ் மங்கலை நீக்கும் முன்னமைப்பை எடுத்தவுடன் அதுவும் ரோதெரபிக்குக் கிட்ட வந்துவிட்டது. பழைய கணினியில் மட்டும் அது மூச்சு வாங்கும். நண்பர் ஒருவரின் லைட்ரூமில் அதே கோப்பைத் திறந்து, நுணுக்கத்தை 25 இலிருந்து மேலே ஏற்றினோம். அந்த இழுவை நூறை நெருங்க நெருங்க அதுவும் இந்தத் திருப்பிக் கணக்குப் பார்க்கும் முறைக்குத்தான் மாறுகிறது. கம்பி தெளிந்தது, வானத்தில் துகள் கிளம்பியது, மறைப்பை ஏற்றினோம், அடங்கியது. கப்சர் வன்னில் கோணலால் வரும் மங்கலைத் திருத்த ஒரு தனிப் பெட்டியே இருக்கிறது, ஆனால் அதை நான் முயலவில்லை.

வெள்ளைக் குவிமாடத்தில் எந்த மென்பொருளிலும் ஒன்றைக் கவனியுங்கள். கூர்மையைக் கூட்டிக்கொண்டே போனால் குவிமாடத்தைச் சுற்றி நீல வானத்தில் கரிக்கோடு போல ஒரு வளையம் வரும். அது வந்தவுடன் இரண்டு படி பின்னால் வாருங்கள்.

தங்கச்சி, நீங்கள் கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான்: உங்கள் கணினிக்கும் காசுக்கும் ரோதெரபி போதும். சீட்டுப் பிடிக்க வேண்டாம்.

இருட்டறை (யாழ்ப்பாணம் நகர்)

தம்பி, இதைச் சொல்ல எனக்குச் சற்றுக் கசக்கிறது; நானும் கடையில் இறக்கிப் பார்த்தேன். ஒற்றைப் படத்துக்கு அந்தப் பதிவுக் கூர்மை நன்றாகவே இருக்கிறது. இரண்டாயிரம் படத்துக்கு என்னால் முடியாது. திங்கட்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வந்து நிற்பார்கள்.

இன்னும் ஒன்று. அந்த வடிகட்டிக் கண்ணாடி இல்லாத கமரா கூர்மையாக இருக்கும் என்று கட்டுமரம் சொன்னார். அதற்கு விலையும் இருக்கிறது. கூறைச்சேலையின் சரிகை மிக நெருக்கமான கட்டம். சரியான தூரத்தில் அகப்பட்டால் சேலை முழுக்க மயில்கழுத்து நிறத்தில் அலை அலையாக ஓடும். மணப்பெண்ணின் தாயார் படத்தைப் பார்த்துவிட்டு, நாங்கள் எடுத்த சேலை இது இல்லையே என்றார். லைட்ரூமின் தூரிகையில் அந்த அலையை அடக்க ஓர் இழுவை இருக்கிறது. முந்தானை முந்தானையாகத் தேய்க்க வேண்டும். அதைவிட எடுக்கும்போதே ஓர் அடி முன்னுக்கோ பின்னுக்கோ நகர்ந்து இன்னொரு படம் எடுத்து வைப்பது என் வழக்கம்.

தாழம்பூ (மானிப்பாய்)

குறுக்கே கேட்பதற்கு மன்னிக்கவும். என்னிடம் இருப்பது பியூஜி. இலைகளும் புல்லும் நெருக்கிப் பார்த்தால் புழு நெளிவது போல இருக்கின்றன. இதுவும் எஃப் எண்ணாலா?

கிடுகுவேலி (கொக்குவில்)

இல்லை அக்கா, உங்களுடையது வேறு கதை. 2012 இல் எக்ஸ்-புரோ1 வந்தது முதல் பியூஜியின் பல கமராக்களில் பேயர் அமைப்பு இல்லை; எக்ஸ்-டிரான்ஸ் என்ற, ஆறுக்கு ஆறு கட்டமாகத் திரும்பி வரும் வேறு அமைப்பு. 36 புள்ளியில் 20 பச்சை, 8 சிவப்பு, 8 நீலம். பேயருக்குப் பழகிய கணக்கு அதில் தடுமாறும். அதன்மேல் கூர்மையையும் ஏற்றினால் புழு கிளம்பும். ரோதெரபியிலும் டார்க்டேபிளிலும் மார்க்கஸ்டைன் என்ற டிமொசைக் முறையை மூன்று சுற்றுக்கு வைத்துப் பாருங்கள். மென்பொருளை மாற்றினால் கண்ணுக்குத் தெரிந்து படம் மாறும் என்று நான் துணிந்து சொல்லக்கூடியது உங்கள் கமராவுக்குத்தான். பியூஜியே தன் சில கமராக்களுக்கு இலவசமாகத் தரும் எக்ஸ் ரோ ஸ்ரூடியோவும் இருக்கிறது. கமராவைக் கம்பியால் கணினியில் இணைத்தால் கமராவின் மூளையே கோப்பை மாற்றித் தரும். கணினியின் வேகத்தைப் பற்றிக் கவலையில்லை.

பனிப்புயல் (ரொறன்ரோ)

கிடுகுவேலி, அந்த நூலகக் கோப்பை நானும் எடுத்து டிஎக்ஸ்ஓவில் போட்டேன். நேர்மையாகச் சொன்னால் ஐஎஸ்ஓ 100 இல் நீங்கள் ரோதெரபியில் எடுத்ததற்கும் என்னுடையதற்கும் நடுப்பகுதியில் வித்தியாசம் காண முடியவில்லை. ஓரங்களில் என்னுடையது சற்று மேல். இரவுத் திருவிழா, மேடை நிகழ்ச்சி என்று இருட்டில் எடுப்பவர்களுக்குத்தான் நான் சொன்னது பொருந்தும். அங்கே மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

வடலி (திருநெல்வேலி)

எல்லோருக்கும் நன்றி. இன்று விடியவே போய் அதே இடத்தில் நின்று திரும்ப எடுத்தேன். எஃப் 8, ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 60இல் ஒன்று. அதிர்வுக் குறைப்பை நிறுத்தினேன், இரண்டு நொடித் தாமதம் வைத்தேன். தேங்காய்க் கடை ஐயா, போன கிழமையும் இதைத்தானே எடுத்தாய், கோபுரம் எங்கேயும் ஓடாது என்று சிரித்தார்.

ரோதெரபியில் பதிவுக் கூர்மையை மட்டும் போட்டேன். இரண்டாம் தளத்தில் நிற்கும் ஒரு சிற்பத்தின் கழுத்தில் முத்துமாலை இருக்கிறது. முதல் படத்தில் அது ஒரு மஞ்சள் பட்டி. இன்றைய படத்தில் முத்துகளை எண்ணினேன், பத்தொன்பது. ஒரு முத்தில் வண்ணம் உரிந்து வெள்ளைச் சுதை தெரிகிறது.

ஆனால் ஓர் ஐயம். மேல் வலது மூலையில் வானம் வெளிறி, ஒரு புகைபோலப் படர்ந்திருக்கிறது. சூரியன் அந்தப் பக்கம்தான் இருந்தது. இதற்கும் மென்பொருளில் வழி இருக்கிறதா? அம்மம்மாவுக்கு 12க்கு 18 அங்குலத்தில் அச்சடித்துக் கொடுக்கலாம் என்று இருக்கிறேன். அந்த அளவுக்குத் தாங்குமா?

இருட்டறை (யாழ்ப்பாணம் நகர்)

வடிவாகத் தாங்கும். அங்குலத்துக்கு 300 புள்ளி என்று பார்த்தால் 3600க்கு 5400 போதும். உங்களுடையது 4000க்கு 6000. அச்சுக்கு அனுப்புமுன் அந்த அளவுக்குச் சுருக்கிவிட்டு, அதன் பிறகு ஒரு சிறு கூர்மை கொடுங்கள். திரையில் சற்றுக் கூடிவிட்டது போலத் தெரிந்தால் மினுக்கம் இல்லாத மட்டுத் தாளில் சரியாக இருக்கும். மை தாளில் ஊறும். மினுக்குத் தாள் என்றால் கொஞ்சம் குறையுங்கள். ஆய்வுகூடத்தில் அவர்களும் தங்கள் பாட்டில் கூர்மை ஏற்றுவார்கள். வேண்டாம் என்று உறையின் மேல் எழுதிக் கொடுங்கள்.

கட்டுமரம் (பருத்தித்துறை)

புகைக்கு மென்பொருளைத் தேட முன்னர் லென்ஸின் முகத்தைப் பாருங்கள். மாமா பாதுகாப்புக்கென்று கண்ணாடி ஏதாவது மாட்டியிருக்கிறாரா?

வடலி (திருநெல்வேலி)

ஓம், ஒன்று மாட்டியிருக்கிறது. அது லென்ஸோடு சேர்ந்தது என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். ஓரத்தில் சிலந்தி வலை போல ஏதோ படர்ந்திருக்கிறது. இப்போது கழற்றப் பார்த்தேன், இறுகிக் கிடக்கிறது; அசையவே இல்லை.

கட்டுமரம் (பருத்தித்துறை)

அது பூஞ்சணம். நம் ஊர் ஈரத்துக்கு இரண்டு மழைக்காலம் அலுமாரிக்குள் கிடந்தால் வரும். கண்ணாடியோடு நின்றிருந்தால் அதிர்ஷ்டம், உள்ளே லென்ஸுக்குப் போயிருந்தால் செலவு. குறடு கொண்டு திருகிவிடாதீர்கள்.

இருட்டறை (யாழ்ப்பாணம் நகர்)

பிள்ளை, கடைக்குக் கொண்டு வாருங்கள். அகலமான இறப்பர் வளையம் ஒன்றைச் சுற்றிப் பிடித்துத் திருகினால் வந்துவிடும். வராவிட்டால் அதற்கென்று கவ்வி இருக்கிறது. மாலை ஆறு மணி வரை நிற்பேன். வெள்ளிக்கிழமை மட்டும் கோயிலுக்குப் போவதால் நாலு மணிக்கே பூட்டிவிடுவேன்.